மஞ்சளான ஹெட்லைட்டுக்கு டூத்பேஸ்ட் போதுமா?

(எபிசோடில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம் இது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு சின்னப் பொருளைப் பத்தி கொஞ்சம் நீளமா பேசப் போறோம். உங்க வண்டி ஹெட்லைட் மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடி. புதுசுல கண்ணாடி மாதிரி இருந்தது, சில வருஷத்துல பால் கலந்த டீ மாதிரி ஆயிடுது இல்லையா? அதேதான்.

இந்த விஷயத்துல எனக்கு வர்ற கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "ப்ரோ, டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா போயிடும்னு ரீல்ஸ்ல பார்த்தேன், நிஜமா?" பதிலை முதல்லயே சொல்லிடறேன். போகும். ஆனா திரும்பி வரும், அதுவும் முன்னைவிட சீக்கிரமா வரும். ஏன்னா தேய்க்கிறது பாதி வேலைதான். மீதிப் பாதியை யாரும் ரீல்ஸ்ல காட்டறதில்ல. அந்த மீதிப் பாதிதான் இந்த எபிசோட்.

இது அழகு விஷயம் இல்லையா?

பலர் இதை ஒரு மேக்கப் பிரச்சினையா பார்க்கறாங்க. வண்டியை விக்கும்போது பளபளன்னு இருந்தா நல்ல விலை போகும், அவ்ளோதான்னு. நான் வேலூர் பக்கத்துல இருந்து பேசறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடினு இந்த தோல் பெல்ட் பெரும்பாலும் சென்னை–பெங்களூரு ரோட்டை ஒட்டித்தான் இருக்கு. என்.ஹெச். 48. ஷூ கம்பெனி வேன் ஒரு பக்கம், கன்டெய்னர் லாரி ஒரு பக்கம், ஷிஃப்ட் முடிஞ்சு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்-ல மூணு பேரு ஒரு பக்கம். சர்வீஸ் ரோட்டுல எதிர்த் திசையில லைட்டே இல்லாம ஒரு சைக்கிள் வரும். டிவைடர் இடைவெளியில திடீர்னு ஒரு அம்மா ரோட்டைக் கடப்பாங்க. இங்க ராத்திரி வண்டி ஓட்டறவங்களுக்கு வெளிச்சம்கிறது அழகு விஷயம் கிடையாது.

ஒரு கணக்கு போடுவோம். அமெரிக்காவுல ஏஏஏ-னு ஒரு பெரிய வாகன ஓட்டிகள் சங்கம் இருக்கு. அவங்க 2018-ல பழைய கார்களோட மங்கின ஹெட்லைட்டை எடுத்து அளந்து பார்த்தாங்க. புது ஹெட்லைட் தர்ற வெளிச்சத்துல சுமார் 20 சதவீதம்தான் அதுல இருந்து வந்துச்சு. சரியா மீட்டெடுத்தா சுமார் 70 சதவீதம் வரைக்கும் திரும்பக் கிடைச்சுது.

20 சதவீதம்னா ரோட்டுல என்ன அர்த்தம்? உங்க லோ பீம் புதுசுல 60 மீட்டர் தூரம் வரைக்கும் ஒரு ஆளைத் தெளிவா காட்டுதுனு வெச்சுக்குவோம். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்காகும், இது ஸ்கூல்ல படிச்சது. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டா, வெளிச்சம் 20 சதவீதமாகும்போது 60 மீட்டர் சுமார் 27 மீட்டரா சுருங்கிடும்.

இப்போ வேகத்துக்கு வருவோம். மணிக்கு 80 கிலோமீட்டர்னா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர். ஏதோ ஒண்ணு கண்ணுல பட்டு, அது ஆளுன்னு மூளைக்குப் புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை செகண்ட்னு வெச்சா, அதுக்குள்ள வண்டி 33 மீட்டர் ஓடிடும். பார்க்க முடியறது 27 மீட்டர். அதாவது பிரேக்ல கால் படறதுக்கு முன்னாடியே அந்த ஆளைத் தாண்டியாச்சு. அல்லது தாண்டல.

இது ரொம்ப எளிமையாக்கின கணக்குதான். நிஜத்துல தெரு விளக்கு இருக்கும், எதிர் வண்டி வெளிச்சம் இருக்கும். ஆனாலும் நிலைமை எந்தப் பக்கம் போகுதுன்னு புரியுது இல்லையா? வெளிச்சம் 70 சதவீதத்துக்குத் திரும்பினா, அதே கணக்குல 50 மீட்டர் பார்க்க முடியும். அந்த 23 மீட்டர் வித்தியாசத்துக்காகத்தான் இந்தப் பேச்சு.

இன்னொண்ணு. மங்கின மூடி வெளிச்சத்தை முழுங்கறது மட்டும் இல்ல, சிதறவும் அடிக்குது. ரோட்டுக்குப் போகவேண்டிய வெளிச்சம் எதிர்ல வர்றவர் கண்ணுக்குப் போகுது. அதனால "லைட் பத்தலை"னு சொல்லி மூடியை அப்படியே விட்டுட்டு பவர்ஃபுல் பல்ப் மாத்தறது தப்பான வைத்தியம். உங்களுக்கு ரோடு கொஞ்சம்தான் கூடத் தெரியும். எதிர்ல பைக்ல வர்றவருக்கு ஒண்ணுமே தெரியாது.

ஏன் மஞ்சளாகுது?

பழைய அம்பாசடர், பழைய பஜாஜ் சேட்டக், புல்லட் எல்லாம் ஞாபகம் இருக்கா? அதோட ஹெட்லைட் மூடி நிஜக் கண்ணாடி. உடையும், ஆனா மஞ்சளாகாது. அப்புறம் கார் கம்பெனிகள் எடை குறையணும், விதவிதமான வடிவம் வேணும்னு பிளாஸ்டிக்குக்கு மாறினாங்க. அமெரிக்காவுல 1983-ல விதி தளர்ந்தது. 1984 மாடல் லிங்கன் கார்தான் அங்க இந்த மாதிரி ஹெட்லைட்டோட வந்த முதல் கார்.

அந்த பிளாஸ்டிக் பேரு பாலிகார்பனேட். 1953-ல ஜெர்மனியில பேயர் கம்பெனியில ஹெர்மன் ஷ்நெல், அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக்ல டேனியல் ஃபாக்ஸ்னு ரெண்டு பேரு, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமலேயே கண்டுபிடிச்சாங்க. இதோட பலம் என்னன்னா, லேசுல உடையாது. லாரி டயர்ல இருந்து தெறிக்கிற ஜல்லிக்கல்லைத் தாங்கும். பலவீனம் ரெண்டு. சீக்கிரம் கீறல் விழும். வெயிலைத் தாங்காது.

வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர், நம்ம யு.வி., இந்த பிளாஸ்டிக்கோட மூலக்கூறுச் சங்கிலியை அங்கங்க அறுக்குது. அறுந்த இடத்துல காத்துல இருக்கிற ஆக்சிஜன் வந்து ஒட்டிக்குது. அப்படி உருவாகிற புதுச் சேர்மங்கள்தான் அந்த மஞ்சள் நிறம். கூடவே மேற்பரப்புல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், அதுல தூசி உக்காரும். மஞ்சள் ஒரு பிரச்சினை, சொரசொரப்பு இன்னொரு பிரச்சினை. ரெண்டும் சேர்ந்துதான் அந்தப் பால் டீ.

கம்பெனிக்கு இது தெரியாதா? தெரியும். அதனாலதான் ஒவ்வொரு மூடி மேலயும் தொழிற்சாலையிலேயே ஒரு பாதுகாப்புக் கோட் அடிச்சு அனுப்பறாங்க. தலைமுடியைவிட மெல்லிசான கோட். யு.வி.-யைத் தடுக்கறது, கீறலைத் தடுக்கறது ரெண்டும் அதோட வேலை. ஹெட்லைட்டோட ஆயுசுங்கிறது உண்மையில அந்தக் கோட்டோட ஆயுசுதான். வேலூர் வெயில்ல வருஷக்கணக்கா நிழல் இல்லாம நிக்கிற வண்டியில அது முதல்ல மேல் விளிம்புல உரிய ஆரம்பிக்கும். வெயில் நேரா விழற இடம் அதுதான். உங்க வண்டியில போய்ப் பாருங்க, அனேகமா மேல் பாதிதான் அதிகமா மங்கியிருக்கும்.

டேனரியில இருந்து வந்த கண்ணாடி

வெளிய போய்ப் பார்க்கும்போது இன்னொண்ணையும் கவனிங்க. அதே கார், அதே வெயில், அதே வயசு. ஆனா பின்னாடி இருக்கிற டெயில் லைட் மஞ்சளாகியிருக்காது. ஏன்? அது பெரும்பாலும் வேற பிளாஸ்டிக். அக்ரிலிக். வெயிலை நல்லாவே தாங்கும், ஆனா பாலிகார்பனேட் அளவுக்கு அடி தாங்காது. முன்பக்கம் கல்லடி, அதனால பாலிகார்பனேட். பின்பக்கம் அந்த பயம் கம்மி, அதனால அக்ரிலிக்.

இந்த அக்ரிலிக் கதையில நம்ம ஊருக்கு ஒரு பங்கு இருக்கு. நம்ம ஊருக்குன்னு சொல்றதைவிட, நம்ம தொழிலுக்குன்னு சொல்லணும்.

தோல் வேலை தெரிஞ்ச குடும்பத்துல பிறந்தவங்களுக்கு "பேட்டிங்"னா கிரிக்கெட் மட்டும் இல்லன்னு தெரியும். சுண்ணாம்புல ஊறி முடி எடுத்த தோலை மெதுவாக்கற கட்டம் அது. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல இதுக்கு என்ன போட்டாங்க தெரியுமா? நாய்க் கழிவு, புறாக் கழிவு. அதுல இருக்கிற என்சைம்தான் வேலை செஞ்சுது, ஆனா அப்போ யாருக்கும் அது தெரியாது. ஓட்டோ ரோம்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், விலங்குகளோட கணையத்துல இருந்து எடுத்த என்சைமை வெச்சு சுத்தமான ஒரு பொருள் செஞ்சார். பேரு ஓரோபான். அதை விக்கறதுக்காக 1907-ல ஓட்டோ ஹாஸ்ங்கிறவரோட சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனிதான் ரோம் அண்ட் ஹாஸ்.

அதே ஓட்டோ ரோம் 1901-லயே அக்ரிலிக் அமிலம் பத்தித்தான் டாக்டர் பட்ட ஆய்வு பண்ணியிருந்தார். தோல் வியாபாரத்துல காலூன்றின அப்புறம் அந்தப் பழைய ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1933-ல பிளெக்ஸிகிளாஸ்ங்கிற பேர்ல கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் ஷீட் வந்தது. இரண்டாம் உலகப் போர் விமானங்கள்ல விமானியைச் சுத்தி இருக்கிற அந்தக் கூண்டு, பாய்மரப் படகுகளோட ஜன்னல், மீன் தொட்டி, கடை போர்டு எல்லாம் அதோட வாரிசுகள்.

மங்கின பிளாஸ்டிக்கைத் திரும்பத் தெளிய வைக்கிற வித்தையையும் பெரும்பாலும் விமானக்காரங்களும் படகுக்காரங்களும்தான் வளர்த்தாங்க. பாலாத்துல படகு விடற அளவுக்குத் தண்ணி பார்த்து ரொம்ப நாளாச்சு, அதனால நமக்கு அந்த அனுபவம் கிடையாது. ஆனா சென்னைத் துறைமுகத்துல 1911-ல ஆரம்பிச்ச ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்னும் இருக்கு. கடல் உப்பும் வெயிலும் சேர்ந்து படகு ஜன்னலை என்ன பண்ணும்னு படகு வெச்சிருக்கிறவங்களைக் கேட்டா கதை கதையா சொல்லுவாங்க. அவங்ககிட்ட இருக்கிற முதல் பாடம் ரொம்ப எளிமையானது, செலவே இல்லாதது.

முதல்ல தண்ணி ஊத்திப் பாருங்க

மங்கின மூடி மேல கொஞ்சம் தண்ணி தெளிங்க. ஈரமா இருக்கும்போது பாருங்க.

ஈரத்துல தெளிவா தெரிஞ்சு, காஞ்சதும் மறுபடி மங்கலானா சந்தோஷப்படுங்க. பாதிப்பு வெளிப்பரப்புல மட்டும்தான். சின்னச் சின்னப் பள்ளங்களைத் தண்ணி நிரப்பிடுது, அதனால ஒளி சிதறாம நேரா போகுது. தேய்ச்சா சரியாகும்.

ஈரத்துலயும் மங்கலாவே இருந்தா, பிரச்சினை உள்ள இருக்கு. ஒண்ணு, மூடிக்கு உள்பக்கம் ஈரமும் புகையும் படிஞ்சிருக்கும். இல்லன்னா வெடிப்பு ஆழமா இறங்கியிருக்கும். வெளிய எவ்வளவு தேய்ச்சாலும் பிரயோஜனம் இல்ல. கையைத்தான் வலிக்கும்.

தேங்காய் எண்ணெய் தடவினா தெளிவாகுதுன்னு சொல்ற வீடியோவோட ரகசியமும் இதுதான். எண்ணெயும் பள்ளத்தை நிரப்புது. தண்ணி அஞ்சு நிமிஷத்துல காயும், எண்ணெய் அஞ்சு நாள் இருக்கும். அதுக்குள்ள ரோட்டுத் தூசி பூராவும் அதுல வந்து ஒட்டிக்கும்.

டூத்பேஸ்ட் என்ன பண்ணுது?

டூத்பேஸ்ட்ல பல்லைத் தேய்க்கறதுக்காக ரொம்ப நைஸான சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோ இருக்கு. அது ஒரு லேசான பாலிஷ். மேல இருக்கிற மஞ்சளைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கும். அந்த அளவுக்கு அது நிஜம்தான். ஆனா கூடவே மிச்சம் மீதி ஒட்டிட்டிருந்த கம்பெனிக் கோட்டையும் எடுத்துடுது. இப்போ உங்க பாலிகார்பனேட் வெயில்ல சட்டையில்லாம நிக்குது. கோட் இருந்தப்போ மஞ்சளாக சில வருஷம் ஆச்சு. இப்போ சில மாசம் போதும். திரும்பத் தேய்ப்பீங்க, திரும்ப வரும்.

நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, எரர் மெசேஜை மட்டும் மறைச்சுட்டு பில்டை அனுப்பற மாதிரி. டாஷ்போர்டு பச்சையா இருக்கும். பக் அங்கேயேதான் இருக்கும்.

இதைவிட மோசமான டிரிக் ஒண்ணு சுத்துது. கொசு கடிக்காம இருக்க உடம்புல அடிக்கிற ஸ்பிரேயை மூடியில அடிக்கறது. அடிச்சதும் பளிச்னு ஆகும். காரணம், அந்த மாதிரி சில ஸ்பிரேக்கள்ல இருக்கிற டீட்ங்கிற ரசாயனம் பிளாஸ்டிக்கோட மேல் தோலையே இளக்கிவிடுது. இளகின பிளாஸ்டிக் பள்ளத்துல பரவி, வழவழன்னு தெரியுது. வழிஞ்சு பெயின்ட்ல பட்டா பெயின்ட்டும் போகலாம். வேண்டாம். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவுமே வேண்டாம்.

சரியான வழி: தோல் ஃபினிஷிங் மாதிரி யோசிங்க

இந்த ஏரியாவுல ஃபினிஷிங் யூனிட்ல வேலை பார்க்கிற யாரையாவது கேளுங்க. மேல்பரப்புல கீறலும் தழும்பும் இருக்கிற தோலை என்ன பண்ணுவாங்க? எமரி பேப்பர் சுத்தற மெஷின்ல விட்டு பஃபிங் பண்ணுவாங்க. தூசியைச் சுத்தமா எடுப்பாங்க. அப்புறம் கலர் கோட், கடைசியா டாப் கோட். பஃபிங்கோட நிறுத்திட்டு அந்தத் தோலை ஷூ கம்பெனிக்கு அனுப்பினா யாராவது வாங்குவாங்களா? தூசி எடுக்காம டாப் கோட் அடிச்சா அது நிக்குமா? ஹெட்லைட்டுக்கும் அதே மூணு கட்டம்தான். சுரண்டு, சுத்தம் பண்ணு, மூடு.

ஒண்ணு, சுரண்டறது. காலையில வெயில் ஏறதுக்கு முன்னாடி, நிழல்ல வண்டியை நிறுத்துங்க. மூடி சூடா இருக்கக் கூடாது. முதல்ல சோப்புத் தண்ணி விட்டுத் தூசியைக் கழுவுங்க. சுத்தி இருக்கிற பெயின்ட் மேல மாஸ்கிங் டேப் ரெண்டு அடுக்கு ஒட்டுங்க. எமரி பேப்பர் கீறினா பெயின்ட் போயிடும்.

ஹார்டுவேர் கடையில வாட்டர் பேப்பர்னு கேளுங்க. கோட் உரிஞ்சு திட்டுத்திட்டா இருந்தா 400 அல்லது 600 நம்பர்ல ஆரம்பிங்க. லேசான மங்கல்னா 800 போதும். அப்புறம் 1000, 1500, 2000. பேப்பரும் மூடியும் எப்பவும் ஈரமா இருக்கணும். தண்ணியில ஒரு சொட்டு ஷாம்பூ விட்டா நல்லா வழுக்கும்.

முதல் நம்பர்லதான் நிஜமான வேலை. தேய்க்கும்போது வடியற தண்ணி முதல்ல மஞ்சளா வரும். தேய்க்கத் தேய்க்க வெள்ளையா மாறும். வெள்ளையானா பழைய கோட்டும் கெட்டுப்போன பிளாஸ்டிக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம். ஒரு ஓரத்துல பழைய கோட் மிச்சம் இருந்தா, கடைசியில அங்க ஒரு கோடு தெரியும். அவசரப்படாதீங்க.

ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாத்துங்க. 600-ல இடம் வலமா தேய்ச்சா, 1000-ல மேலும் கீழுமா. அப்போதான் பழைய கீறல் முழுசா போயிடுச்சான்னு கண்ணுக்குத் தெரியும். போகலைன்னா அடுத்த நம்பருக்குப் போகாதீங்க. 600 விட்ட கீறலை 2000 அழிக்காது. பளபளன்னு ஆக்கும், கீறல் அப்படியே இருக்கும்.

இந்தக் கட்டத்துல மூடி முன்னைவிட மோசமா, முழு வெள்ளையா தெரியும். பயந்துடாதீங்க. அது அப்படித்தான்.

இந்தத் தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை. அதுல பிளாஸ்டிக் துகள் இருக்கு. கீழ ஒரு தட்டு வெச்சுப் பிடிச்சு, துணியில வடிகட்டி, துணியைக் குப்பையில போடுங்க. டேனரிக் கழிவுக்காக 1996-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் "மாசுபடுத்தறவனே செலவை ஏத்துக்கணும்"னு தீர்ப்பு வந்த ஊர் இது. பாலாத்துப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு "சாக்கடையில ஊத்திடுங்க"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ரெண்டு, சுத்தம். கழுவி, முழுசா காய விடுங்க. நூல் விடாத துணியில ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒரு தடவை துடைங்க. மெடிக்கல் லேப் சாமான் விக்கிற கடையிலயும் மொபைல் ரிப்பேர் கடையிலயும் கிடைக்கும். பாலிகார்பனேட்டுக்கு இது ஒத்துக்கும். அக்ரிலிக்குக்குப் போடாதீங்க, நுணுக்கமா வெடிச்சிடும். டெயில் லைட், மீன் தொட்டி, படகு ஜன்னலுக்கெல்லாம் சோப்புத் தண்ணி மட்டும்தான். துடைச்ச அப்புறம் மூடியை விரலால தொடாதீங்க. விரல் எண்ணெய் பட்ட இடத்துல கோட் ஒட்டாது.

மூணு, மூடறது. இதுதான் ரீல்ஸ்ல வராத பாதி. ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, ஹெட்லைட் ரீஸ்டோரேஷன் கிட்ல வர்ற துடைப்பு கோட். சின்ன பாட்டில், ஒரு துணி. 2000 அல்லது 3000 நம்பர் வரைக்கும் நைஸ் பண்ணிட்டு, ஒரே திசையில ஒரே இழுப்பா தடவணும். சுலபம். வாங்கும்போது யு.வி. பாதுகாப்பு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. வெறும் பாலிஷ் மட்டும் இருக்கிற கிட்டும் கடையில இருக்கு.

ரெண்டாவது வழி, டூ-கே கிளியர் கோட். கார் பெயின்ட்டுக்கு அடிக்கிற மாதிரி, ஹார்டனர் கலந்து அடிக்கறது. இது அதிக நாள் நிக்கும். இதுக்கு 1000 அல்லது 1500-லயே நிறுத்திக்கலாம். கோட் பிடிச்சு நிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேணும், அந்த நைஸ் கீறலைக் கோட்டே நிரப்பிடும். இதுக்கு முன்னாடி ரப்பிங் காம்பவுண்ட், வாக்ஸ் போடவே கூடாது. அதுல இருக்கிற எண்ணெய்ப் பசையால கோட் பின்னாடி உரிஞ்சு வரும். டப்பாவுல பாலிகார்பனேட்டுக்கு ஏத்ததுன்னும், யு.வி. தடுப்பு இருக்குன்னும் எழுதியிருக்கணும்.

இங்க ஒரு எச்சரிக்கை, சீரியஸா. அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. மூச்சுல போனா ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய் விடும். கைக்குட்டை, சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் பத்தாது. பெயின்ட் புகைக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இல்லன்னா நீங்க அடிக்காதீங்க. பெயின்ட் பூத் இருக்கிற கடையில குடுங்க. சுரண்டற வேலையை நீங்க முடிச்சுட்டு, கோட்டை மட்டும் அடிச்சுத் தரச் சொல்லலாம். அடிக்கிறவர் மாஸ்க் போட்டிருக்காரான்னும் ஒரு தடவை கேளுங்க. அவரும் மூச்சு விடறவர்தானே?

கடையில மொத்த வேலையையும் குடுக்கறீங்களா? ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பாலிஷ் முடிச்சு மேல என்ன கோட் அடிப்பீங்க?" பதில் தெளிவா வரலைன்னா, நீங்க காசு குடுக்கப்போறது விலை ஜாஸ்தியான டூத்பேஸ்ட்டுக்கு.

எதைத் தேய்க்கக் கூடாது?

ஹெல்மெட் வைசர். அதுவும் பாலிகார்பனேட்தான், அதுவும் மங்கும். ஆனா தேய்க்காதீங்க. ஹெட்லைட் வழியா வெளிச்சம் போகுது, வைசர் வழியா நீங்க பார்க்கறீங்க. கையால தேய்ச்சா தடிமன் இடத்துக்கு இடம் மாறும், எதிர்ல வர்ற லைட் ஒவ்வொண்ணும் சிதறி நட்சத்திரமா தெரியும். மாத்திடுங்க. வண்டியில நீங்க மாத்தற பாகங்கள்லயே ரொம்ப மலிவானதுல ஒண்ணு அது.

ஆட்டோவோட பின்பக்க ஜன்னல். ஹூட்ல தைச்சிருக்கிற அந்த வளையற பிளாஸ்டிக் ஷீட். அது பி.வி.சி. வளையறதுக்காக அதுல ஒரு எண்ணெய் மாதிரி பொருள் கலந்திருப்பாங்க. வெயில்ல அது வருஷக்கணக்கா கசிஞ்சு வெளியேறிடும். மிச்சம் இருக்கிறது விறைச்சுப்போய், மஞ்சளாகி, மடிச்சா உடையும். பாதிப்பு மேல மட்டும் இல்ல, முழு ஷீட்டுமே செத்துப்போச்சு. ஹூட் தைக்கிறவர்கிட்ட போனா பழசை வெட்டிட்டுப் புது ஷீட் வெச்சுத் தைச்சுடுவார். ஷூவும் பையும் தைக்கிற இந்த ஊர்ல நல்ல தையல் கைக்குப் பஞ்சமில்ல. நீங்க ஆட்டோ ஓட்டறவரா இருந்தா, அல்லது வீட்டுல யாராவது ஓட்டினா, இதைத் தள்ளிப் போடாதீங்க. பின்னாடி இருந்து என்ன வருதுன்னு தெரியறதும் பார்வைதான்.

அப்புறம், வெடிச்ச ஹெட்லைட், உள்ள தண்ணி நிக்கிற ஹெட்லைட், உள்ள வெள்ளிப் பூச்சு உரிஞ்சு கருத்துப்போன ஹெட்லைட். இதுக்கெல்லாம் மூடியைத் தேய்ச்சு பிரயோஜனம் இல்ல. முழு யூனிட்டையும் மாத்தணும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பறதே அந்த வெள்ளிப் பூச்சுதான்.

வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரியும்?

பகல்ல பளபளன்னு இருக்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தின ராத்திரி, ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னாடி அஞ்சு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, லோ பீம் போட்டு போன்ல போட்டோ எடுங்க. போன் கேமராவை ஆட்டோவுல விடாதீங்க, அது இருட்டை வெளிச்சமாக்கிடும். புரோ மோடுல ஐஎஸ்ஓ-வும் ஷட்டரும் ஒரே அளவுல வெச்சுக் குறிச்சுக்குங்க. வேலை முடிஞ்ச ராத்திரி அதே இடம், அதே செட்டிங். வெளிச்சம் கூடியிருக்கா, லோ பீமோட மேல் விளிம்பு கோடு போட்ட மாதிரி தெளிவா இருக்கான்னு பாருங்க. அந்தக் கோடு கலங்கலா இருந்தா எதிர்ல வர்றவர் கண்ணுக்கு இன்னும் வெளிச்சம் போகுதுன்னு அர்த்தம். மாறி மாறி ஒரு பக்கம் மட்டும் சரியா இருந்தா, இன்னொரு பக்கத்துல கீறல் மிச்சம் இருக்கு.

பராமரிப்பு ரொம்ப சிம்பிள். காஞ்ச தூசியைப் பழைய பனியன் துணியால வறட்டுத் துடைப்பு துடைக்காதீங்க, அதுவும் எமரி பேப்பர்தான். தண்ணி ஊத்தித் துடைங்க. முடிஞ்சவரைக்கும் வண்டியோட மூஞ்சி நிழல்ல இருக்கிற மாதிரி நிறுத்துங்க. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தத் தண்ணி டெஸ்ட்டைப் பண்ணிப் பாருங்க. கோட் மங்க ஆரம்பிச்ச உடனே திரும்ப அடிச்சா, 400-ல இருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதில்ல.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. உங்க வண்டியை விடுங்க, அது உங்க கண்ணுக்குத் தெரியும். ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி திரும்பற அப்பாவோட பைக், அண்ணனோட வேன், தெனமும் ஏறற ஆட்டோ, இதுல ஏதாவது ஒண்ணோட ஹெட்லைட் மேல ஒரு கை தண்ணி தெளிச்சுப் பாருங்க. தெளிவா தெரிஞ்சா, ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. பிரியாணிக்கு முன்னாடி முடிச்சிடலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே. ராத்திரி வண்டி ஓட்டறவங்க, பார்த்துப் போங்க.